முதலிடத்தில் இருந்தும் மூன்றாவது: 2003 கல்லூரிக் கால்பந்தின் 0.16 புள்ளி

2003 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் இரண்டு பெரிய வாக்கெடுப்புகளின் முடிவும் அன்று வெளியானது. ஒன்று, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டு நிருபர்களைக் கொண்டு நடத்துவது. மற்றது, பயிற்சியாளர்களே வாக்களிப்பது. இரண்டிலும் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், சுருக்கமாக யு.எஸ்.சி., முதலிடம். அதே நாளில் மூன்றாவதாக ஒரு பட்டியலும் வந்தது. தேசிய சாம்பியனை முடிவுசெய்யும் ஆட்டத்தில் எந்த இரண்டு அணிகள் மோதுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தப் பட்டியலிடம் இருந்தது. அதில் யு.எஸ்.சி. மூன்றாம் இடம். முதல் இரண்டு அணிகளுக்கு மட்டுமே டிக்கெட்.

இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி 0.16. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

ஆட்டத்தைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. இங்கே கால்பந்து என்பது நம் ஊரில் உதைத்து ஆடும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், தலைக்கவசத்தோடு முட்டி மோதியும் ஆடுவது. 2003இல் கல்லூரிகளின் உச்சப் பிரிவில் 117 அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஒரு முறை மோத வேண்டுமென்றால் 6,786 ஆட்டங்கள் ஆக வேண்டும். எலும்பை நொறுக்கும் ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் தாங்காது. ஆகவே பருவம் முழுக்க ஓர் அணிக்குக் கிடைப்பது பன்னிரண்டோ பதின்மூன்றோ ஆட்டங்கள். அவற்றிலும் பெரும்பகுதி தன் வட்டாரக் கூட்டமைப்புக்குள்ளேயே முடிந்துவிடும். லூசியானாக்காரர்களும் கலிஃபோர்னியாக்காரர்களும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஆண்டு கழிந்துவிடும். பிறகு இருவரில் யார் பெரியவர் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

பல்கலைக்கழக விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு கூடைப்பந்துக்கு நாக் அவுட் போட்டி நடத்துகிறது. கால்பந்தின் இந்த உச்சப் பிரிவுக்கு மட்டும் அது தன் கையால் சாம்பியன் பட்டம் கொடுத்ததே கிடையாது. அந்த வெற்றிடத்தில் 1936 முதல் நிருபர்களின் வாக்கெடுப்பும், 1950 முதல் பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பும் குடியேறின. இரண்டு பஞ்சாயத்து இருந்தால் இரண்டு தீர்ப்பு வரத்தானே செய்யும்? 1990, 1991, 1997 ஆகிய ஆண்டுகளில் ஆளுக்கொரு அணியைச் சாம்பியன் என்றார்கள். 1973இல் நடந்தது இன்னும் வேடிக்கை. பயிற்சியாளர்கள் அக்காலத்தில் புத்தாண்டையொட்டி நடக்கும் பவுல் ஆட்டங்களுக்கு முன்பே இறுதி வாக்கைப் போட்டுவிடுவார்கள். அலபாமாவுக்குப் பட்டத்தைக் கொடுத்தார்கள். அது சுகர் பவுலில் நோட்ர டாமிடம் 24-23 என்று தோற்றது. கொடுத்த பட்டம் கொடுத்ததுதான்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட 1998இல் வந்தது பவுல் சாம்பியன்ஷிப் சீரிஸ், அதாவது பி.சி.எஸ். தென்கிழக்குக் கூட்டமைப்பின் ஆணையராக இருந்த ராய் கிரேமர் அதன் முதன்மைச் சிற்பி. வாக்குகளையும் கணினித் தரவரிசைகளையும் ஒரே சூத்திரத்தில் கலந்து, முதல் இரண்டு அணிகளை ஒரே மைதானத்தில் நிறுத்திவிடலாம் என்பது திட்டம்.

சூத்திரத்தின் உள்ளே

2003இல் அந்தச் சூத்திரத்துக்கு ஐந்து உறுப்புகள். எண் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது.

முதலாவது, இரண்டு வாக்கெடுப்புகளிலும் அணி பெற்ற இடத்தின் சராசரி. இரண்டாவது, ஏழு கணினி முறைகள் கொடுத்த இடங்களில் மிக மோசமான ஒன்றைத் தள்ளிவிட்டு மற்ற ஆறின் சராசரி. மூன்றாவது, எதிரணிகளின் வலிமை: அணி மோதிய எதிராளிகளின் வெற்றி விகிதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, அந்த எதிராளிகளின் எதிராளிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று கூட்டி, அதன்படி எல்லா அணிகளையும் வரிசைப்படுத்தி, கிடைத்த இடத்தை 25ஆல் வகுப்பார்கள். நான்காவது, ஒவ்வொரு தோல்விக்கும் 1 புள்ளி. ஐந்தாவது கழித்தல்: பி.சி.எஸ். பட்டியலில் முதல் பத்துக்குள் இருக்கும் அணியை வென்றிருந்தால் சலுகை. முதலிடத்து அணியை வென்றால் 1.0, பத்தாம் இடத்து அணியை வென்றால் 0.1.

25ஆல் ஏன் வகுக்க வேண்டும்? 20 ஏன் இல்லை, 40 ஏன் இல்லை? ஒரு தோல்வி ஏன் சரியாக 1 புள்ளி? இவற்றுக்குக் கணிதக் காரணம் எதுவும் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒத்துக்கொண்ட எண்கள். அதோடு, எதிரணியின் வலிமையைக் கணினி முறைகள் ஏற்கெனவே தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் இடம் கொடுக்கின்றன. வாக்காளர்களும் அதை மனத்தில் வைத்தே வாக்களிக்கிறார்கள். அதையே மூன்றாவது உறுப்பாகத் தனியே மறுபடி கூட்டுவது, சாம்பாரில் உப்பு போட்டு, பரிமாறும்போதும் இலையில் தூவுவது போலத்தான்.

சூத்திரத்தின் சில பாகங்கள் பழைய காயங்களுக்குப் போட்ட தையல். 2000இல் ஃப்ளோரிடா ஸ்டேட் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது. அந்தப் பருவத்திலேயே அதை 27-24 என்று வென்றிருந்த மயாமி வெளியே நின்றது. உடனே, பெரிய அணியை வென்றால் சலுகை என்ற விதி வந்தது. 2001இல் நெப்ராஸ்கா தன் கடைசி ஆட்டத்தில் கொலராடோவிடம் 62-36 என்று உதைபட்டது; ஆனாலும் கணினிகளின் தயவில் இறுதி ஆட்டத்துக்குப் போய், அங்கே மயாமியிடம் 37-14 என்று மறுபடி உதைபட்டது. அதன் பிறகு கணினி முறைகள் அனைத்துக்கும் ஓர் உத்தரவு போனது: எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள் என்பதை இனிப் பார்க்கக் கூடாது, வென்றார்களா தோற்றார்களா என்பது மட்டும் போதும். தரவரிசையில் ஏறுவதற்காக நோஞ்சான் அணிகளைப் போட்டு மிதிக்கிறார்கள் என்பது அதற்குச் சொன்ன நியாயம். நியாயமான கவலைதான். ஆனால் இரண்டே ஆண்டில் அந்த உத்தரவு எங்கே கொண்டுபோய் விட்டது என்பது சற்றுப் பொறுத்தால் தெரியும்.

மூன்று தோல்விகள்

2003இல் மூன்று அணிகள் முன்னணியில் இருந்தன. மூன்றுக்கும் ஆளுக்கொரு தோல்வி.

யு.எஸ்.சி. செப்டம்பர் 27 அன்று பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திடம் 34-31 என்று தோற்றது, அதுவும் மூன்று ஓவர்டைம் ஆடிய பிறகு. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ. அக்டோபர் 11 அன்று சொந்த மண்ணான பேட்டன் ரூஜில் ஃப்ளோரிடாவிடம் 19-7 என்று தோற்றது. பயிற்சியாளர் பீட் கேரலின் யு.எஸ்.சி.யும் பயிற்சியாளர் நிக் சேபனின் எல்.எஸ்.யூ.வும் அதன் பின் தோற்கவே இல்லை.

ஒக்லஹோமாவின் கதை வேறு. பாப் ஸ்டூப்ஸின் அணி அந்த ஆண்டு எதிரிகளைத் துவம்சம் செய்துகொண்டிருந்தது. டெக்ஸஸை 65-13, டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியை 77-0. அதன் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், ஜேசன் வைட்டுக்கு ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை கிடைத்தது. பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டு வெற்றி. வரலாற்றின் தலைசிறந்த அணிகளில் ஒன்று என்றுகூடப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

டிசம்பர் 6, சனிக்கிழமை. கான்ஸஸ் சிட்டியில் பிக் 12 கூட்டமைப்பின் இறுதி ஆட்டம், எதிரணி கான்ஸஸ் ஸ்டேட். ஒக்லஹோமாதான் முதலில் புள்ளி எடுத்தது: 7-0. அதற்குப் பிறகு அதனால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. எதிரணி அடுத்தடுத்து 35 புள்ளி எடுத்தது. குள்ளமான உருவம் கொண்ட டேரன் ஸ்ப்ரோல்ஸ் மட்டும் பந்தோடு 235 யார்டு ஓடினார். ஆட்டம் முடிந்தபோது பலகையில் 35-7.

தன் கூட்டமைப்பிலேயே சாம்பியன் இல்லாத அணி நாட்டுக்குச் சாம்பியன் ஆக முடியுமா? அன்று இரவு எல்லோரும் கேட்ட கேள்வி இது. நிருபர்களும் பயிற்சியாளர்களும் ஒக்லஹோமாவை மூன்றாம் இடத்துக்கு இறக்கினார்கள். கணினிகளுக்கு அப்படி ஒரு தேவை எழவில்லை. அவற்றைப் பொறுத்தவரை 35-7 என்று தோற்பதும், மூன்று ஓவர்டைம் ஆடி மூன்று புள்ளியில் தோற்பதும் ஒன்றே. வித்தியாசத்தைப் பார்க்கக் கூடாது என்று கண்ணைக் கட்டியவர்கள் நாம்தானே! கணினியின் பக்கமிருந்தும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: அதே கட்டு 77-0ஐயும் மறைத்தது. மனிதர்களுக்கோ நேற்று பட்ட அடி போன மாதத்து அடியைவிட அதிகம் வலிக்கும். கான்ஸஸ் ஸ்டேட் ஆட்டம் செப்டம்பரில் நடந்திருந்தால் வாக்காளர்கள் ஒக்லஹோமாவை டிசம்பருக்குள் மன்னித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமையின் மற்ற இரண்டு ஆட்டங்கள்

முந்தைய வாரப் பி.சி.எஸ். பட்டியலில் யு.எஸ்.சி. இரண்டாம் இடத்தில் இருந்தது, எல்.எஸ்.யூ. மூன்றாவது. சனிக்கிழமை யு.எஸ்.சி. ஆரகன் ஸ்டேட்டை 52-28 என்று வென்றது. எல்.எஸ்.யூ. அட்லாண்டாவில் தன் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவை 34-13 என்று வென்றது. இருவரும் வென்றார்கள், மேலே இருந்தவன் கீழே வந்தான்.

எல்.எஸ்.யூ. வீழ்த்தியது பெரிய அணியை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், யு.எஸ்.சி. ஆடாத இரண்டு ஆட்டங்களில் இருந்தது. சிரக்யூஸ் அணி நோட்ர டாமை 38-12 என்று வென்றது. தொலைவில் ஹொனலூலுவில் பாய்ஸி ஸ்டேட் அணி ஹவாயியை 45-28 என்று வென்றது. நோட்ர டாம், ஹவாயி இரண்டும் அந்தப் பருவத்தில் யு.எஸ்.சி.யிடம் தோற்ற அணிகள். அவை தோற்கத் தோற்க, யு.எஸ்.சி. வென்றதன் மதிப்பும் குறையும். எதிரணி வலிமைப் பட்டியலில் யு.எஸ்.சி. 37ஆம் இடத்தில் வந்து நின்றது, எல்.எஸ்.யூ. 29ஆம் இடம். வேறு இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தை வைத்து நெட் ரன் ரேட் கணக்குப் போட்டபடி நகம் கடித்த அனுபவம் நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு உண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுவே நடக்கும் ஆட்டத்துக்காக லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள் கவலைப்பட்டது அதே வகை அவஸ்தை.

ஞாயிறு வெளியான கணக்கு இது.

ஒக்லஹோமா: வாக்கு 3, கணினி 1.17, எதிரணி வலிமை 0.44, தோல்வி 1, டெக்ஸஸை வென்றதற்குச் சலுகை 0.5 கழிவு. மொத்தம் 5.11.

எல்.எஸ்.யூ.: வாக்கு 2, கணினி 1.83, எதிரணி வலிமை 1.16, தோல்வி 1. மொத்தம் 5.99.

யு.எஸ்.சி.: வாக்கு 1, கணினி 2.67, எதிரணி வலிமை 1.48, தோல்வி 1. மொத்தம் 6.15.

பென்சிலை எடுத்துக்கொண்டு இதோடு சற்று விளையாடிப் பார்க்கலாம். கணினிச் சராசரி ஆறு எண்களின் சராசரி என்பதால், யு.எஸ்.சி.யின் ஆறு இடங்களின் கூட்டல் 16 என்று தெரிகிறது. அந்த ஆறில் ஒரே ஒரு கணினி யு.எஸ்.சி.யை ஒரே ஓர் இடம் மேலே வைத்திருந்தால் கூட்டல் 15, சராசரி 2.50, மொத்தம் 5.98. எல்.எஸ்.யூ.வின் 5.99ஐ அது முந்திவிடும். எதிரணி வலிமையில் 37ஆம் இடத்துக்குப் பதில் 32ஆம் இடம் கிடைத்திருந்தாலும் அதே முடிவு.

இப்போது உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். எதிரணி வலிமையை மட்டும் எடுத்துவிட்டால் ஒக்லஹோமா 4.67, யு.எஸ்.சி. 4.67, எல்.எஸ்.யூ. 4.83. ஒக்லஹோமாவும் யு.எஸ்.சி.யும் மோதும், எல்.எஸ்.யூ. வெளியே. சலுகையையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஒக்லஹோமா 5.17 ஆகிவிடும், யு.எஸ்.சி.யும் எல்.எஸ்.யூ.வும் மோதும். எதையும் எடுக்காவிட்டால் ஒக்லஹோமாவும் எல்.எஸ்.யூ.வும் மோதும். மூன்று அணிகளில் எந்த இரண்டு வேண்டுமோ, அந்த இரண்டையும் கொடுக்க ஒரு சூத்திரம் தயார்! தரவுகள் மாறவில்லை, ஆட்டங்கள் மாறவில்லை. எந்த உறுப்பைச் சேர்க்கிறோம் என்பது மட்டுமே மாறுகிறது.

கணினிகள்தான் யு.எஸ்.சி.யைக் கெடுத்தன என்று அந்தக் குளிர்காலம் முழுவதும் பேசினார்கள். மேலே உள்ள கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கணினிகளையும் வாக்குகளையும் மட்டும் கூட்டினால் யு.எஸ்.சி. 3.67, எல்.எஸ்.யூ. 3.83, ஒக்லஹோமா 4.17. முதலிடம் யு.எஸ்.சி.க்குத்தான். கெடுத்தவை, மனிதக் கை ஒட்டவைத்த மற்ற உறுப்புகள். இன்னொரு குறையும் உண்டு. சூத்திரம் இடங்களை மட்டும் பார்த்தது. வாக்குகளின் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. ஒரு வாக்கில் முதலிடம் பிடித்தாலும் ஆயிரம் வாக்கில் பிடித்தாலும் வித்தியாசம் அதே ஒரு புள்ளி.

கணினி முறைகளுக்கு வேறொரு குற்றச்சாட்டு பொருந்தும்: மூடிய பெட்டி. ஏழில் வானியற்பியலாளர் வெஸ் காலி தன் முறையை முழுவதுமாக வெளியிட்டிருந்தார். வெற்றியோடு ஒன்றைக் கூட்டி, ஆட்ட எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகுப்பதில் தொடங்கி, எதிரணிகளுக்கேற்பத் திருத்திக்கொண்டே போகும் அழகான முறை. திறந்து வைத்ததன் பலன் 2010இல் தெரிந்தது. அந்த ஆண்டின் இறுதிப் பட்டியலில் எல்.எஸ்.யூ. பத்தாவது, பாய்ஸி ஸ்டேட் பதினொன்றாவது. ஜெர்ரி பாம் என்ற விளையாட்டு ஆய்வாளர் தானே கணக்குப் போட்டுப் பார்த்தபோது, காலியின் தரவில் கீழ்ப் பிரிவு ஆட்டம் ஒன்று விடுபட்டிருந்தது தெரியவந்தது. அப்பலேச்சியன் ஸ்டேட்டும் வெஸ்டர்ன் இல்லினாயும் மோதிய ஆட்டம் அது. சேர்த்ததும் பத்தும் பதினொன்றும் இடம் மாறின. பெட்டியை மூடி வைத்திருந்தவர்களின் கணக்கில் என்னென்ன விடுபட்டிருந்தனவோ!

இரண்டு கோப்பைகள்

2004 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுலில் யு.எஸ்.சி. மிஷிகனை 28-14 என்று வென்றது. ஜனவரி 4 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த சுகர் பவுல்தான் அதிகாரபூர்வ இறுதி ஆட்டம். எல்.எஸ்.யூ. 21, ஒக்லஹோமா 14. ஹைஸ்மன் நாயகன் ஜேசன் வைட் 37 எறிதல்களில் 13 மட்டுமே சேர வேண்டிய கைக்குச் சேர்த்தார். எறிந்த ஒரு பந்தைப் பறித்து எல்.எஸ்.யூ.வின் மார்க்கஸ் ஸ்பியர்ஸ் அப்படியே எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் டச்டவுன் வரை ஓடிவிட்டார்.

நிருபர்கள் 65 பேரில் 48 பேர் யு.எஸ்.சி.க்கு முதலிடம் கொடுத்தார்கள். அவர்களுடைய சாம்பியன் யு.எஸ்.சி.தான். பயிற்சியாளர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பி.சி.எஸ். இறுதி ஆட்டத்தில் வென்ற அணிக்கே முதலிடம் தர வேண்டும் என்பது அவர்களுடைய சங்கத்தின் ஒப்பந்தம். நான்கு வாரத்துக்கு முன் யு.எஸ்.சி.யை முதலிடத்தில் வைத்தவர்கள், யு.எஸ்.சி. தோற்காமலே, அதைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. லூ ஹோல்ட்ஸ், மைக் பெல்லோட்டி, ரான் டர்னர் என்ற மூன்று பேர் ஒப்பந்தத்தை மீறி யு.எஸ்.சி.க்கே வாக்களித்தார்கள். மற்ற 60 வாக்கும் எல்.எஸ்.யூ.வுக்குப் போயின. இரட்டைச் சாம்பியனை ஒழிக்கப் பிறந்த அமைப்பு, இரட்டைச் சாம்பியனைப் பெற்றுக் கொடுத்தது.

அடுத்த ஆண்டுக்கான தையல் உடனே ஆரம்பமானது. எதிரணி வலிமை, தோல்வி, சலுகை மூன்றும் தூக்கி எறியப்பட்டன. நிருபர் வாக்கு, பயிற்சியாளர் வாக்கு, கணினி ஆகியவற்றுக்கு ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று சூத்திரம் எளிமையானது. 2004இல் யு.எஸ்.சி., ஒக்லஹோமா, ஆபர்ன் மூன்றும் தோல்வியே இல்லாமல் வந்து நின்றன. இந்த முறை வெளியே நின்றது ஆபர்ன். யு.எஸ்.சி. ஒக்லஹோமாவை 55-19 என்று வென்றது. தன் வாக்கெடுப்பை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று அசோசியேட்டட் பிரஸ் அந்த டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டது.

2014இல் சூத்திரமே போய், 13 பேர் கொண்ட தேர்வுக் குழு வந்தது. இரண்டு இடம் நான்கானது. 2023இல் பதின்மூன்று ஆட்டமும் வென்ற ஃப்ளோரிடா ஸ்டேட்டை அந்தக் குழு ஐந்தாம் இடத்தில் நிறுத்தியது. அதன் முதன்மைக் குவார்ட்டர்பேக் காலை உடைத்துக்கொண்டிருந்தார். 2024 முதல் இடங்கள் பன்னிரண்டு.

என்னிடம் கேட்டால், 2003இல் யு.எஸ்.சி.யையும் எல்.எஸ்.யூ.வையும் மோத விட்டிருப்பேன். அந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் கடைசியில் மோதத்தான் செய்தன: 2024 செப்டம்பர் 1 அன்று, லாஸ் வேகஸில், பருவத்தின் முதல் வாரத்தில். யு.எஸ்.சி. 27, எல்.எஸ்.யூ. 20. களத்தில் இறங்கிய பையன்களில் பலர் அந்த டிசம்பர் ஞாயிறு அன்று பிறந்திருக்கவே இல்லை.